அல்டர்னேட்டர் ரெகுலேட்டர்: அளந்து அறிதலும் பாதுகாப்பாகப் பழுதுபார்த்தலும்

வேலையும் அளவுகளும்

எஞ்சின் ஓடும்போது விளக்கு, வைப்பர், ஹோர்ன், விசிறி ஆகியவற்றுக்கு மின்சாரம் கொடுப்பதும் பற்றரியை நிரப்புவதும் அல்டர்னேட்டர். எஞ்சின் வேகம் ஏறினால் அல்டர்னேட்டர் பிறப்பிக்கும் வோல்ட்டளவும் ஏறும். வண்டி ஊர்ந்தாலும் விரைந்தாலும் அந்த அளவை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது ரெகுலேட்டர்.

அல்டர்னேட்டரின் நடுவில் சுழலும் ரோட்டரில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. இரண்டு கார்பன் பிரஷ்கள் ஸ்லிப் ரிங்குகளைத் தொட்டு அதற்குச் சில அம்பியர் நேரோட்டத்தைக் கொடுக்கின்றன. ரோட்டர் காந்தமாகிச் சுழல, அதைச் சூழ்ந்த ஸ்டேட்டர் சுருள்களில் ஆடலோட்டம் பிறக்கிறது. டயோட்கள் அதை நேரோட்டமாக்கி வெளியே அனுப்புகின்றன. ரெகுலேட்டர் கட்டுப்படுத்துவது ரோட்டருக்குப் போகும் சிறிய ஓட்டத்தை மட்டுமே. வோல்ட்டளவு குறைந்தால் அதைத் திறந்துவிடும், எல்லையைத் தொட்டால் துண்டிக்கும். இந்தத் திறப்பும் துண்டிப்பும் ஒரு விநாடிக்குள் பலமுறை நடக்கின்றன.

12 வோல்ட் வாகனத்தில் சரியான சார்ஜ் அளவு பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை, 24 வோல்ட் வாகனத்தில் 27.6 முதல் 28.8 வரை. பல ரெகுலேட்டர்கள் சூடேறும்போது இந்த எல்லையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. சூடான பற்றரிக்குக் குறைந்த அழுத்தமே போதும் என்பதே காரணம். ஆகவே காலைக் குளிரில் ரிவர்ஸ்டனில் 14.5 காட்டும் வான், நண்பகலில் தம்புள்ளையில் எஞ்சின் கொதிக்க நிற்கும்போது 13.8 காட்டினால் அது பழுதல்ல.

ரெகுலேட்டர் தனக்கு வந்து சேரும் வோல்ட்டளவைப் பார்த்தே முடிவெடுக்கிறது. அந்த அளவைக் கொண்டுவரும் வயர் துருப்பிடித்திருந்தால் நல்ல ரெகுலேட்டரும் தவறாக நடக்கும். பெல்ட் வழுக்கினாலும், எர்த் கழன்றாலும், பற்றரி செத்தாலும் பழி ரெகுலேட்டர் மீதே விழுகிறது. அளந்து பார்க்காமல் ரெகுலேட்டரை மாற்றக் கூடாது என்பதே இந்த அத்தியாயத்தின் முதல் விதி.

மாத்தளை மாவட்டத்தில் காணப்படும் வகைகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்திலேயே மீண்டும் பரவலாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே பழுதுபார்க்கப்பட்டு ஓடின. அதனால் மாத்தளையிலோ உக்குவளையிலோ உள்ள ஒரு கராஜுக்கு ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட தொழில்நுட்பம் ஒரே வாரத்தில் வந்து சேரலாம். எது எந்த வகை என்று அறிந்த பிறகே கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

இன்னும் ஓடும் மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற கார்கள் பலவற்றில் இருப்பது டைனமோ. அதன் ரெகுலேட்டர், கட் அவுட் ரிலேயுடன் தனிப் பெட்டியில் இருக்கும். அதன் பொயின்ட்களைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிசெய்ய முடியும். பழைய லேலண்ட், டாட்டா பஸ், லொறிகளில் அல்டர்னேட்டர் ஓரிடத்திலும் ரெகுலேட்டர் வேறிடத்திலும் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஹையேஸ் வான், இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர் போன்றவற்றில் பெரும்பாலும் இருப்பது அல்டர்னேட்டருக்கு உள்ளேயே பொருத்தப்பட்ட ஐசி ரெகுலேட்டர். இதைத் திறந்து பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் முடியும். புதிய கார்களில் எஞ்சின் கணினியே ரெகுலேட்டருக்குக் கட்டளை அனுப்புகிறது. முச்சக்கர வண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் நிலைக்காந்தமும், ரெகுலேட்டரும் ரெக்டிஃபயரும் சேர்ந்த ஒரே அலகும் இருக்கும். முச்சக்கர வண்டியும் ஹைபிரிட் போன்ற புதிய கார்களும் பின்னர் தனியே விளக்கப்படுகின்றன.

வேலைக்கு முன்

வாகனம் சமதரையில் நிற்க வேண்டும். இறத்தோட்டை, எல்கடுவ பக்கத்துச் சரிவுகளில் அது வாய்க்காவிட்டால் கைபிரேக்கை மட்டும் நம்பாமல் சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும். சாரம், தோளில் போட்ட துண்டு, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் பெல்ட்டின் அருகே வரக் கூடாது. மோதிரம், கைச்சங்கிலி, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். 12 வோல்ட் உடலில் ஷொக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் பற்றரிக்கும் வாகனத்தின் பொடிக்கும் (உலோக உடலுக்கும்) இடையில் மாட்டிய மோதிரத்தின் ஊடாக நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

அல்டர்னேட்டரின் பின்புறத்திலுள்ள தடித்த பி பிளஸ் வயர் பற்றரியுடன் இணைந்தே இருக்கிறது. சாவியை எடுத்தாலும் அதில் மின்சாரம் நிற்கும். ஸ்பானர் ஒரு முனையில் அந்த நட்டையும் மறுமுனையில் எஞ்சினையும் தொட்டால் பெரும் பொறி பறக்கும், டயோட்களும் போகலாம். ஆகவே எதையும் கழற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, பற்றரியின் மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது மைனஸ் கடைசியில் வர வேண்டும்.

சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கக்கூடியது. அருகில் பீடி, சிகரெட், சுவாமி விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. ரெகுலேட்டர் பழுதாகி அதிக சார்ஜ் ஏறிய பற்றரி கொதித்து, உப்பி, அமிலத்தைத் துப்பும். கண்ணாடி அணியாமல் அதன் மேல் குனியக் கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

எஞ்சின் ஓடும்போதே பற்றரியின் ஒரு முனையைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் சார்ஜ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டும் பழக்கம் டைனமோ காலத்திலிருந்து வந்தது. அல்டர்னேட்டரில் இதைச் செய்யவே கூடாது. பற்றரிக்குப் போய்க்கொண்டிருந்த ஓட்டம் திடீரென வழியற்றுப் போகிறது. ரோட்டரின் காந்தம் அந்த வேகத்தில் அடங்காது. வாகன மின்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 16750 தரம், பாதுகாப்பு இல்லாத அல்டர்னேட்டரில் இவ்வாறு எழும் அழுத்தத்தை 12 வோல்ட் அமைப்புக்கு 79 முதல் 101 வோல்ட் வரை என்றும், 24 வோல்ட் அமைப்புக்கு 151 முதல் 202 வோல்ட் வரை என்றும் கணக்கில் கொள்கிறது. அது ஒரு விநாடிக்குள் அடங்கிவிடும் என்றாலும், ரெகுலேட்டர், டயோட்கள், எஞ்சின் கணினி ஆகிய அனைத்தையும் எரிக்க அந்த நேரம் போதும்.

24 வோல்ட் லொறியிலிருந்து 12 வோல்ட் வானுக்கு ஜம்பர் வயர் கொடுப்பதும், பிளஸ், மைனஸ் மாறிக் கொடுப்பதும் இதே அளவு ஆபத்தானவை. பொடியில் வெல்டிங் வேலை நடக்குமானால் பற்றரியின் மைனஸ் முனையையும் அல்டர்னேட்டரின் வயர்களையும் கழற்றிவிட வேண்டும்.

24 வோல்ட் பஸ், லொறிகளில் பாட்டுப்பெட்டிக்காகவோ சிறிய விளக்குகளுக்காகவோ இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கப்படுவதுண்டு. ரெகுலேட்டர் பார்ப்பது இரண்டும் சேர்ந்த 28 வோல்ட்டை மட்டுமே. ஒரு பற்றரி குறைந்தே கிடக்க, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகி வறண்டுபோகும். இதற்கு 24 இலிருந்து 12 ஆக மாற்றும் கொன்வேட்டர் பொருத்துவதே சரியான வழி.

வாகனத்திலேயே சோதிக்கும் ஒழுங்கு

டிஜிட்டல் மல்டிமீற்றர் ஒன்று போதும். கீழே தரப்படும் அளவுகள் 12 வோல்ட் வாகனத்துக்கானவை.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பெல்ட் வெடித்திருக்கிறதா, பளபளப்பாகி வழுக்குகிறதா, பற்றரி முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கிறதா, அல்டர்னேட்டர் பிளக் கருகியிருக்கிறதா, எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலான எர்த் வயர் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தாலே பல பழுதுகள் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஓய்ந்திருக்கும் பற்றரி. சில மணி நேரம் நின்ற வாகனத்தில் 12.6 வோல்ட் இருந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது; 12.2 ஏறக்குறையப் பாதி, 12.0 க்குக் கீழ் இருந்தால் வெளியே சார்ஜ் செய்த பிறகே மற்றச் சோதனைகளைத் தொடர வேண்டும். செத்த பற்றரியை வைத்துக்கொண்டு ரெகுலேட்டரை எடைபோட முடியாது.

மூன்றாவது, சார்ஜ் லைட். சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். பல அல்டர்னேட்டர்களில் ரோட்டருக்கான ஆரம்ப ஓட்டம் இந்த பல்பின் வழியாகவே போகிறது. பல்ப் எரிந்துபோனால் சார்ஜ் தொடங்காமல் போகலாம். அதற்குப் பதிலாக எல்ஈடி பல்ப் போட்டாலும் ஓட்டம் போதாமல் அதே குறை வரலாம்.

நான்காவது, ஓடும் எஞ்சின். பற்றரி முனைகளில் மீற்றரை வைத்து நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் எஞ்சினை ஓட்டினால் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், வைப்பர், விசிறி அனைத்தையும் போட்ட பிறகும் 13.5 க்குக் கீழே இறங்கக் கூடாது. வேகத்தோடு சேர்ந்து 15 ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். அது கட்டுப்பாடு இழந்ததன் அடையாளம்.

ஐந்தாவது, வழியில் ஏற்படும் இழப்பு. விளக்குகள் எரியும் நிலையில் மீற்றரின் ஒரு முனையை அல்டர்னேட்டரின் பி பிளஸ் நட்டிலும் மறுமுனையைப் பற்றரியின் பிளஸிலும் வைத்தால் 0.3 வோல்ட் அளவுக்குள் இருக்க வேண்டும்; அல்டர்னேட்டர் உடலுக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் 0.2 க்குள் இருக்க வேண்டும். கூடினால் பழுது வயரிலோ எர்த்திலோ உள்ளது. டென்சோ வகைகளில் எஸ் என்ற வயர் பற்றரியின் அளவை ரெகுலேட்டருக்குச் சொல்கிறது. அதன் பியூஸ் பிடியில் துரு இருந்தால் ரெகுலேட்டர் உண்மையை விடக் குறைந்த அளவைக் கண்டு மேலும் மேலும் சார்ஜ் ஏற்றும். 15 வோல்ட் காட்டும் வானில் அந்த பியூஸ் முனையைச் சுத்தம் செய்து மீண்டும் அளந்த பிறகே ரெகுலேட்டரில் கைவைக்க வேண்டும்.

ஆறாவது, டயோட்கள். மீற்றரை ஆடலோட்ட அளவுக்கு மாற்றிப் பற்றரி முனைகளில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் டயோட் ஒன்று போயிருக்கலாம். டயோட் கசிந்தால் வாகனம் நிற்கும் இரவில் பற்றரி தானாக இறங்கும்.

இத்தனையும் சரியாக இருந்து, சார்ஜ் மட்டும் குறைவாகவோ மிகையாகவோ இருந்தால் அல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கழற்றலும் உள்ளே பார்த்தலும்

அல்டர்னேட்டர் ஆறிய பிறகே தொட வேண்டும். மைனஸ் முனையைக் கழற்றிய பின், பிளக்கை அதன் பூட்டை அழுத்தி எடுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. வயர்களின் இடங்களை வரைந்தோ கைபேசியில் படமெடுத்தோ வைத்துக்கொள்வது நல்லது.

டீசல் எஞ்சின்கள் பலவற்றில் அல்டர்னேட்டரின் பின்னால் வெக்கியூம் பம்ப் பொருத்தப்பட்டிருக்கும். பிரேக் பூஸ்டருக்கு இழுவிசை கொடுப்பது இதுவே. இதன் ஒயில் சீல் கசிந்தால் ஒயில் உள்ளே இறங்கி பிரஷ்களையும் ஸ்லிப் ரிங்குகளையும் நனைத்துவிடும். சீலை மாற்றாமல் ரெகுலேட்டரையும் பிரஷையும் மட்டும் மாற்றினால் அதே பழுது விரைவில் திரும்பும்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியவை பிரஷ்கள். வெளியே நீட்டிய நீளம் 5 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால், அல்லது அதில் பொறித்த தேய்வுக் கோட்டைத் தொட்டிருந்தால், மாற்றிவிட வேண்டும். பிரஷ் கூட்டில் சிக்காமல் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் தானாக முன்னே வர வேண்டும். புதிய பிரஷின் வாலை ஈயம் வைத்து ஒட்டும்போது ஈயம் வாலின் வழியே ஓடி அதை விறைக்கச் செய்தால் பிரஷ் நகராது. ஈயப் புகையை மூச்சில் எடுக்காமல் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

ஸ்லிப் ரிங் கறுத்திருந்தால் 400 அல்லது 600 இலக்கத்து மெல்லிய அரத்தாளால் சுற்றிலும் சமமாகத் துடைக்கலாம். எமரித் துணி கூடாது. அதன் தூள் சில வேளை மின்சாரத்தைக் கடத்தும். கார்பன் தூளைக் காற்றுக் குழாயால் ஊதாமல் தூரிகையால் எடுத்து, கொன்டக்ட் கிளீனரால் துடைக்க வேண்டும். பெற்றோல் பயன்படுத்தக் கூடாது. அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும், சுருளின் வார்னிஷையும் கெடுக்கும்.

அடுத்தது ரோட்டர். இரண்டு ஸ்லிப் ரிங்குகளுக்கும் இடையில் 12 வோல்ட் ரோட்டர் பொதுவாக 2 முதல் 5 ஓம் வரை காட்டும். 24 வோல்ட் ரோட்டரில் அது கூடுதலாக இருக்கும். ரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் தொடர்பே இருக்கக் கூடாது. ரோட்டர் சுருள் உள்ளே ஒட்டித் தடை குறைந்திருந்தால் ரெகுலேட்டரின் ஊடாக அளவுக்கு மீறிய ஓட்டம் பாயும். புதிய ரெகுலேட்டர் போட்ட சில நாட்களில் எரிவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகவே ரோட்டரை அளக்காமல் புதிய ரெகுலேட்டரைப் பூட்டக் கூடாது.

ரெகுலேட்டரை மேசையில் சோதித்தல்

பிரஷ் கூட்டோடு சேர்ந்த எளிய வகைகளை, அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நேரோட்ட வழங்கியால் சோதிக்கலாம். டி பிளஸ் முனைக்குப் பிளஸையும் ரெகுலேட்டரின் உலோக உடலுக்கு மைனஸையும் கொடுத்து, இரண்டு பிரஷ்களுக்கும் இடையில் 12 வோல்ட் சிறிய பல்ப் ஒன்றை இணைக்க வேண்டும். 12 வோல்ட்டில் பல்ப் நன்றாக எரியும். மெல்ல உயர்த்தும்போது 14 இலிருந்து 14.8 க்குள் அது அணைய வேண்டும். குறைக்கும்போது மீண்டும் எரிய வேண்டும். 15 ஐத் தாண்டியும் எரிந்தால் ரெகுலேட்டர் உள்ளே ஒட்டிவிட்டது, அது பற்றரியைக் கொதிக்கவைக்கும். ஆரம்பத்திலேயே எரியாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. 16 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிப் பார்க்கக் கூடாது.

ஐஜி, எஸ், எல் என மூன்று வயர் வரும் டென்சோ வகைகளுக்கும் கணினிக் கட்டளையில் இயங்கும் வகைகளுக்கும் இந்த முறை பொருந்தாது. அவற்றுக்கென உள்ள சோதனைக் கருவியையே பயன்படுத்த வேண்டும். ரெகுலேட்டரைத் தவிர்த்து ரோட்டருக்கு நேரே மின்சாரம் கொடுக்கும் சோதனை, ரெகுலேட்டர் வெளியே உள்ள பழைய வாகனங்களுக்கு மட்டுமே உரியது. அப்போதும் விளக்குகளை எரியவிட்டு, மீற்றரைப் பார்த்துக்கொண்டே, மெதுவான வேகத்தில் சில விநாடிகளுக்குமேல் செய்யக் கூடாது.

பொருத்தலும் இறுதிச் சோதனையும்

மாற்று ரெகுலேட்டர் பிளக்கில் பொருந்துவது மட்டும் போதாது. அல்டர்னேட்டரில் அச்சிட்ட இலக்கம், 12 அல்லது 24 வோல்ட், வயர்களின் பெயர் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். ரெகுலேட்டர் அமரும் இடத்தில் துருவையும் பழைய பூச்சையும் அகற்றித் தட்டையாக்க வேண்டும். பல வகைகளில் திருகாணியே எர்த் இணைப்பாகவும், உலோக முதுகே சூட்டை வெளியேற்றும் வழியாகவும் இருக்கிறது.

பிரஷ்களை உள்ளே அழுத்திவைத்துப் பூட்ட, பின்மூடியிலுள்ள சிறு துளை வழியே மெல்லிய கம்பியைச் செருகலாம். மூடியைப் பூட்டியதும் அதை இழுத்தெடுக்க மறக்கக் கூடாது. பி பிளஸ் நட்டை நன்றாக இறுக்கி ரப்பர் மூடியைப் போட வேண்டும். தளர்ந்த நட்டு சூடேறி வயரை எரிக்கும். பெல்ட்டை நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீற்றர் இறங்குவது பொதுவான அளவு. மிகவும் இறுக்கினால் பெயரிங் தேயும்.

வெக்கியூம் பம்ப் உள்ள வாகனத்தில் ஒயில் குழாயும் வெக்கியூம் குழாயும் சரியாக மாட்டப்பட்டதை இருமுறை பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திய நிலையில் பிரேக்கைப் பலமுறை மிதித்துக் கடினமாக்கி, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த வாகனத்தைத் தெருவில் விடக் கூடாது. ரிவர்ஸ்டனிலிருந்து இறத்தோட்டைக்கு இறங்கும் வளைவுகளில் பூஸ்டர் இல்லாத பிரேக் உயிராபத்து. அதன் பின் நான்காம், ஐந்தாம் சோதனைகளை மீண்டும் செய்து, கிடைத்த அளவுகளை வாகனத்தின் சேவைப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும்.

முச்சக்கர வண்டி

நிலைக்காந்த வகையில் ரோட்டருக்குப் போகும் ஓட்டம் என்று எதுவும் இல்லை. காந்தத்தைக் குறைக்க முடியாது. ஆகவே பெரும்பாலான ரெகுலேட்டர்கள் மிகையான ஓட்டத்தை ஸ்டேட்டருக்கே திருப்பிவிடுகின்றன, அதில் ரெகுலேட்டர் சூடேறுகிறது. அதன் அலுமினியச் செதில்களுக்குக் காற்று பட வேண்டும். அவற்றில் சேறு படிந்திருந்தாலோ, சீட்டுத் துணியோ அலங்காரத் தகடோ மறைத்திருந்தாலோ அது எரிந்துபோகும்.

அடிக்கடி ரெகுலேட்டர் போகுமானால் எர்த்தையும் பிளக்கையும் முதலில் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி எஞ்சினை மெதுவாக ஓட்டி, ஸ்டேட்டர் வயர்களை இரண்டிரண்டாக ஆடலோட்ட அளவில் அளந்தால் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். மூன்று மஞ்சள் வயர்கள் வரும் வகையில், எஞ்சினை நிறுத்தி ஓம் அளவில் பார்த்தால் எந்த வயருக்கும் பொடியுடன் தொடர்பு இருக்கக் கூடாது. பற்றரி இல்லாமல் தள்ளி ஸ்டார்ட் செய்து ஓட்டுவது பல்புகளையும் ரெகுலேட்டரையும் கெடுக்கும். கூடுதல் விளக்கும் ஒலிபெருக்கியும் பொருத்தும் முன் அந்த வண்டியின் மின்பிறப்பாக்கி எத்தனை வாட் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

ஹைபிரிட், எனே சார்ஜ் வாகனங்கள்

டொயோட்டா ப்ரியஸ், அக்குவா போன்றவற்றில் அல்டர்னேட்டரே இல்லை. உயரழுத்தப் பற்றரியிலிருந்து ஒரு மாற்றி 12 வோல்ட்டைத் தருகிறது. பழைய அக்குவாக்களின் உயரழுத்தப் பற்றரி 144 வோல்ட்; பல ப்ரியஸ்களில் 200 ஐத் தாண்டும். உயிரைப் பறிக்கக்கூடிய அந்த வயர்கள் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். அதற்கான பயிற்சியும் காப்புக் கையுறையும் இல்லாதவர் அவற்றைத் தொடக் கூடாது.

எனே சார்ஜ் முறை உள்ள சுசுகி வெகன் ஆர் கார்களில் வேகத்தைக் குறைக்கும்போதே அல்டர்னேட்டர் பெரும்பாலும் சார்ஜ் செய்கிறது. ஒரே வேகத்தில் ஓடும்போது மீற்றர் குறைந்த அளவைக் காட்டினால் அதைப் பழுதென்று எண்ணி ரெகுலேட்டரை மாற்றிவிடக் கூடாது. ஸ்கேனர் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

பாதைக்கும் காலநிலைக்கும் ஏற்ற பராமரிப்பு

தம்புள்ளை, கலேவெல பக்கத்துக் காய்ந்த வெளிகளில் ஓடும் டிராக்டர்களிலும் லொறிகளிலும் தூசி உள்ளே போய் பிரஷையும் ஸ்லிப் ரிங்கையும் அரைக்கிறது. அறுவடைக் காலம் முடிந்ததும் அல்டர்னேட்டரைத் திறந்து பிரஷ் நீளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. இறத்தோட்டை, லக்கலை மலைப்பக்கத்து வாகனங்களுக்கு ஈரமே எதிரி. பிளக்கில் பச்சை பூக்கிறதா, பியூஸ் பிடிகளில் துரு ஏறுகிறதா என்று மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். சேர்விஸ் நிலையத்தில் வாகனம் கழுவும்போது அழுத்தமான நீரை அல்டர்னேட்டர் மீது நேரே அடிக்கக் கூடாது.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவில் மரக்கறி ஏற்றிவரும் லொறிகள், ஹெட்லைட்டும் பாட்டும் ஓட, எஞ்சின் தாழ்ந்த வேகத்தில் வரிசையில் நீண்ட நேரம் நிற்கின்றன. அந்த வேகத்தில் அல்டர்னேட்டரால் முழு ஓட்டத்தையும் தர முடியாது. பற்றரி இறங்கும், ரெகுலேட்டரோ தன் முழு அளவில் திறந்தே கிடக்கும். நிற்கும்போது ஹெட்லைட்டை அணைப்பதே மிக எளிய பராமரிப்பு. பழுதான பற்றரியை ஈயமும் அமிலமும் நிலத்திலும் ஓடையிலும் கலக்காதபடி உடைக்காமல் நிமிர்த்திவைத்து, பழைய பற்றரி வாங்கும் கடையிலேயே ஒப்படைக்க வேண்டும்.